சாவு எழுதப்படாத பிராணி

இடி நேராக அதன் நடுமண்டையில் இறங்கியது. பெர்னதெத் கண்ணை இறுக்கிக்கொண்டாள். செத்திருக்கும். நியாயம் என்று ஒன்று இருந்தால் இந்நேரம் கரிக்கட்டையாகி, தொட்டால் உதிர்கிற பதத்தில் கிடக்க வேண்டும். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். அந்தப் பிராணி மழையில் நனைந்த நாய் மாதிரி உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு நாலு காலில் நின்றுகொண்டிருந்தது. தலைக்கு மேலே இருந்த பச்சைக் கோடு மட்டும் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அவ்வளவுதான் சேதம். வெட்கங்கெட்டது, என்று நினைத்தாள். அது அவள் மகள் டெல்பினின் போனுக்குள் வாழ்கிற பிராணி. உடும்புக்கும் பன்றிக்குட்டிக்கும் பிறந்த மாதிரி உருவம், குழைந்த மஞ்சள் நிறம், முதுகெல்லாம் மிளகு தெறித்தாற்போல் கரும்புள்ளி. அதனால் டெல்பின் அதற்குப் பொங்கல் என்று பெயர் வைத்திருந்தாள். கமிட்டி அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் நின்ற செக்யூரிட்டி சொன்னதும், விளையாட்டுச் சண்டையின் பாதியில் அம்மாவின் கையில் திணித்துவிட்டாள். “ஸ்கிரீன் அணையாமப் பாத்துக்கோம்மா. எதிர்ல இருக்கறது அடிச்சு முடிச்சதும் நீலத்தைத் தொடு, பொங்கல் தடுத்துக்கும். சிவப்புப் பக்கமே போகாதே. ஓரத்துல சாம்பல் கலர்ல இருக்குல்ல, அது பொங்கலைத் திரும்பக் கூப்பிட்டுக்கறது. அதைத் தொட்டா தோத்த கணக்கு.” துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, காலேஜ் வைவாவுக்குப் போகிற தோரணையில் உள்ளே போனாள். வைவாதான். இன்றைக்குக் கேள்வி, அப்பாவுக்கு உன் ஈரலில் பாதியை வெட்டிக் கொடுக்க உனக்குச் சம்மதமா என்பது. அடுத்தது பெர்னதெத்தைக் கூப்பிடுவார்கள். அவளிடம் கேட்கப்போகிற கேள்வி இன்னும் சின்னது. உங்கள் மகளை வெட்டலாமா. பெற்றவள் ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் இந்தக் கமிட்டி கையெழுத்துப் போடாது என்று ஆஸ்பத்திரியில் இந்தக் காரியங்களைக் கவனிக்கிற பெண் சொல்லியிருந்தாள். ஒரு வார்த்தை. வாய்க்குப் பேர்போன பெர்னதெத்துக்கு ஒரு வார்த்தை.

நீலத்தைத் தொட்டாள். பொங்கல் குறுகி உட்கார்ந்து முதுகைக் காட்டியது. நடைவழியில் மூன்று நாற்காலிகளை ஒரே இரும்புக் கம்பியில் கோத்து வைத்திருந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்தவள் மூச்சு விட்டாலும் மற்ற இரண்டும் ஆடின. எதிர்ச் சுவரில் ஈரலைப் பற்றிய ஆங்கிலப் போஸ்டர், அதில் ஒரு எழுத்துப் பிழை, காலையிலிருந்து கண்ணில் மணல் மாதிரி உறுத்துகிறது. எழுத்தை ஒழுங்காகப் போடத் தெரியாதவர்கள் எதை ஒழுங்காகத் தைக்கப்போகிறார்கள். குடிக்காத மனுஷனுக்கு ஈரல் போனதுதான் முதல் கேலி. அவள் புருஷன் அமலதாஸ் திருமண வீட்டில்கூட ரோஸ்மில்க் டம்ளரைத் தேடிப் போகிற ஆள். சர்க்கரையும் கொழுப்பும் சத்தமில்லாமல் இருபது வருஷம் வேலை பார்த்து ஈரலைக் காய்ந்த இஞ்சி மாதிரி ஆக்கிவிட்டன. யாரிடம் சொன்னாலும் நம்புகிறார்களா? நாத்தனார் லில்லி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பெட்டுக்குப் பக்கத்திலேயே ஆரம்பித்தாள். “கோவிச்சுக்காதீங்க அண்ணி, அண்ணன் ஒளிஞ்சு கிளிஞ்சு...” “ஒளிஞ்சு குடிக்கற அளவுக்கு உங்க அண்ணனுக்குச் சாமர்த்தியம் இருந்தா நான் ஏன் லில்லி இப்படி இருக்கேன்” என்று அந்த இடத்திலேயே நறுக்கினாள். அமலதாஸ்கூடச் சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்து, இருமலில் கொஞ்சம் ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு பெர்னதெத் யாரையும் சிரிக்க வைக்கவில்லை. முதலில் அவள்தான் தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் பெண் கொடுக்கிற மாதிரி, ஸ்கேன் மெஷினுக்குள் போய்ப் படுத்தாள். ஈரல் முழுக்கக் கொழுப்பு, ஆகாது என்று வந்தது. மாமியார் ஆயுசு முழுக்க அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு டாக்டர் படத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டார். லிஸ்டில் காத்திருந்தால்? மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவருடையது வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதுவரை இவர் தாங்க மாட்டார் என்றார்கள். அப்போதுதான் டெல்பின், கேன்டீன் சமோசாவை வாயில் வைத்துக்கொண்டே, “நான் இருக்கேன்ல” என்றாள். பக்கத்து வீட்டுக்குக் காபிப்பொடி கடன் கொடுக்கிற குரலில்.

இந்தத் தடவை எதிரில் நின்ற கல்பூதம் ஒரு பாறையைப் பெயர்த்துத் தூக்கிப் போட்டது. பொங்கல் அதன் அடியில் காணாமல் போய், கொஞ்ச நேரம் வெறும் தூசியாக இருந்தது. பிறகு மூக்கு வந்தது. பிறகு முழுசும் வந்தது. நேற்றுச் சாயங்காலம் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து இதே போனை எட்டிப் பார்த்து இதைத்தான் கேட்டாள். “ஏண்டி, அவ்வளவு பெரிய பாறை விழுந்ததே, சட்னியாக வேண்டாமா அது?” “ஆகாதும்மா.” “ஏன் ஆகாது?” “அதோட உடம்பு நம்ம உடம்பு மாதிரி இல்லம்மா. அடி உடம்புல படாது, சக்தியிலதான் படும். சக்தி தீந்தா மயங்கிடும். வைத்தியக் கூடத்துல கொண்டுபோய் விட்டா டிங்னு ஒரு மணி அடிக்கும், பழையபடி ஆயிடும்.” “மணி அடிச்சா சரியாப் போயிடுமா? அப்ப உங்கப்பாவை மணி அடிக்கிற ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிருக்கலாமே.” டெல்பினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கும்போது தலையைப் பின்னால் சாய்ப்பாள், கழுத்து வெள்ளையாகத் தெரியும். அந்தக் கழுத்தைப் பார்க்கப் பெர்னதெத்துக்குப் பயமாக இருந்தது. “சிலர் வேற மாதிரி சொல்றாங்கம்மா. எதிர்ல இருக்கறது கொல்லணும்னு அடிக்கறதில்லையாம், அதுக்கும் அளவு தெரியுமாம். இன்னும் சிலர் ரொம்ப அடிபட்டா சின்னதாச் சுருங்கிக்கும், அதனாலதான் தப்பிக்குதுன்னு சொல்றாங்க.” “நீ என்ன சொல்றே?” டெல்பின் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “சாகறதுன்னு ஒண்ணை அதுக்கு எழுதவே இல்லம்மா. பூஜ்யத்துக்குக் கீழ எதுவும் இல்ல. எழுதாதது எப்படி நடக்கும்?” கம்ப்யூட்டர் படித்த பெண். எழுதினால்தான் நடக்கும் என்று நினைக்கிறாள். நமக்கு மட்டும் மேலே இருக்கிறவன் எழுதி வைத்திருக்கிறானாக்கும். அப்பாவுக்கு மகளா, மகளுக்கு அப்பாவா என்று பரீட்சைத் தாள் மாதிரி இரண்டில் ஒன்றுக்கு விடை எழுது என்று. இல்லை, இப்படி நினைக்கக் கூடாது. இது அப்படியில்லை, இரண்டு பேரும் பிழைப்பார்கள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்.

கான்வென்ட்டில் அவள் படித்தபோது வெள்ளிக்கிழமை மத்தியானம் தையல் வகுப்பு. தைக்கும்போது பேசக் கூடாது என்பதால் சிஸ்டர் மார்செல்லா வேதசாட்சிகளின் கதையை வாசிப்பார்கள். ஒரு கன்னி. அவள் பெயர் மறந்துவிட்டது, எல்லாக் கன்னிகளின் கதையும் ஒரே கதைதான். கொதிக்கிற எண்ணெயில் தூக்கிப் போட்டார்கள், பன்னீரில் குளித்த மாதிரி எழுந்து வந்தாள். தீயில் நிறுத்தினார்கள், தீ இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. சிங்கத்தை ஏவினார்கள், சிங்கம் வந்து காலை நக்கியது. கடலில் கல்லைக் கட்டி எறிந்தார்கள், கல் மிதந்தது. கடைசியில் ராஜா அலுத்துப்போய் வாளால் கழுத்தை வெட்டச் சொன்னான். வெட்டினார்கள். செத்துப்போனாள். பெர்னதெத் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து நின்றாள். “சிஸ்டர், எண்ணெயிலும் சிங்கத்திலும் காப்பாற்றின ஆண்டவர் வாளில் ஏன் சிஸ்டர் காப்பாற்றவில்லை?” மொத்த வகுப்பும் தைப்பதை நிறுத்தியது. சிஸ்டர் கோபப்படவே இல்லை, மாதா சுரூபத்தின் முன்னால் மணி அடிக்கிறவரை முழங்காலில் நில் என்றார்கள், அவ்வளவுதான். முழங்காலில் நின்றபடியே யோசித்தாள். தீ பெரியது, சிங்கம் பெரியது, கடல் பெரியது. எல்லாவற்றுக்கும் ஒரு அற்புதம் இருந்தது. வாள் மட்டும் சாதாரணமாக இருந்ததால் வேலை செய்துவிட்டது. கவனம் சிதறிவிட்டதோ என்னவோ மேலே இருப்பவருக்கு. அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை, முழங்கால் வலி மட்டும் வயதானதும் திரும்பி வந்துவிட்டது. டெல்பினுக்கு டெங்கு வந்தபோது ரத்தத் தட்டணுக்கள் தரை தட்டின, பிழைத்தாள். ஸ்கூட்டியை லாரிக்காரன் தட்டிவிட்டான், முழங்கையில் சிராய்ப்போடு எழுந்து வந்து அவனைத் திட்டினாள். பிறக்கும்போதே கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. தீயும் சிங்கமும் முடிந்துவிட்டன. இனி வாள்தான் பாக்கி. அதற்குப் பச்சைத் துணி போர்த்தி, மயக்க மருந்து கொடுத்து, தேதி பார்த்து, நாமே கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறோம்.

போதும், வேறு எதையாவது நினை. நீலத்தைத் தொடு. தொட்டாள். கோடு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வந்திருந்தது. சர்ஜன் நல்லவர்தான். பேப்பரில் படம் போட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்து, “இந்தப் பக்கத்தை எடுக்கறோம், மிச்சம் கொஞ்ச நாள்ல தானா வளர்ந்துடும்மா, ஈரல் அப்படிப்பட்ட உறுப்பு” என்றார். அவர் கோடு இழுத்த வேகத்தைப் பார்த்தாள். பரோட்டாக் கடையில்கூட அதைவிட யோசித்து வெட்டுவார்கள். “கொடுக்கறவங்களுக்கு ஆபத்து?” “நூத்துல ஒண்ணுக்கும் கம்மிம்மா.” “அந்த ஒண்ணு யாரு டாக்டர்?” அவர் பேனாவை மூடினார். அந்த ஒன்றுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள், அவளுக்கும் பேப்பரில் படம் போட்டிருப்பார்கள். டெல்பின் வெளியே வந்ததும், “ஏம்மா அவரை மிரட்டற? கத்தி அவர் கையிலதான் இருக்கப்போகுது” என்று கிண்டல் செய்தாள். எல்லாம் கிண்டல். பெற்ற வயிறு என்று ஒன்று இருக்கிறதே. வயிறு. அய்யோ, வயிறு. இதை நினைக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து சுவரில் இருக்கிற எழுத்துப் பிழையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள்.

அமலதாஸுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று தெரிந்த வாரம் வேளாங்கண்ணிக்குப் போனாள். கோயிலுக்குப் போகிற வழிக்கடைகளில் வேண்டுதலுக்கு உருவத் தகடு விற்பார்கள். கண் சரியில்லாதவர்களுக்குக் கண், கால் சரியில்லாதவர்களுக்குக் கால், பிள்ளை இல்லாதவர்களுக்குத் தொட்டில், வீடு கட்டுகிறவர்களுக்கு வீடு. “ஈரல் இருக்கா?” என்றாள். கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். “ஈரல் கறிக்கடையிலதாம்மா கிடைக்கும். எங்க அப்பா காலத்துலருந்து யாரும் கேட்டதில்ல.” பிறகு அவருக்கே பாவமாகிவிட்டது. “வயிறு வாங்கிக்கங்கம்மா. ஈரலும் வயித்துக்குள்ளதான இருக்கு. மாதாவுக்குத் தெரியாதா?” பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வெயில், அவளுக்கு எதிலும் பொறுமை கிடையாது. வாங்கிக்கொண்டாள். சந்நிதியில் நெற்றியில் ஒற்றி, காணிக்கைப் பெட்டியில் போடப்போன நொடியில்தான் தகட்டைச் சரியாகப் பார்த்தாள். அது அமலதாஸின் வயிறு இல்லை. அவருடையது நீர் கோத்து, தொப்புள் வெளியே தள்ளி, பானை மாதிரி இருக்கும். தகட்டில் இருந்தது ஒடுங்கின வயிறு, சின்னத் தொப்புள், இடுப்பு இரண்டு பக்கமும் உள்வாங்கி. ஒரு இளம்பெண்ணின் வயிறு. பின்னால் வரிசை தள்ளியது, விரல் விட்டுவிட்டது, உள்ளே டிங் என்று விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவளுடைய ஸ்கேன் ஆகாமல் போனது. அதற்குப் பிறகுதான் சமோசா, நான் இருக்கேன்ல. இது முட்டாள்தனம். அவளுக்குத் தெரியும். ஜியாமெட்ரியில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கினவள், தகரத்துக்கும் தசைக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியாதா. தெரிந்து என்ன பிரயோஜனம். நீ கொடுத்ததைத்தானே நான் எடுத்துக்கொண்டேன் என்று மாதா கேட்டால், இல்லை தாயே, கடையில் ஸ்டாக் இல்லை என்றா சொல்ல முடியும்.

பாறை மறுபடி விழுந்தது. கோடு சிவப்பாயிற்று, நகக்கண் அளவு. பொங்கலின் ஒரு கண் பாதி மூடிக்கொண்டது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொல்லத்தான் போகிறாள், நேற்று ராத்திரியே முடிவு செய்துவிட்டாள். தமிழில் ஒரு வாக்கியமும், அந்தக் கமிட்டியில் கோட்டுப் போட்டவர்கள் இருந்தால் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமும் தயாராக வைத்திருக்கிறாள். பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினவள். ஐயா, இவள் சின்னப் பெண், இவளுக்குச் சாவு என்றால் என்னவென்று தெரியாது, மயக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிட்டு அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். வந்து? வார்டுக்குப் போக வேண்டும். அங்கே மஞ்சள் கண்ணோடு ஒரு மனுஷன் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அவரிடம் என்ன முகத்தை வைத்துக்கொண்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்பது. அவராவது சொல்லியிருக்கலாம். அதுதான், எல்லாச் சுற்றும் சுற்றி அங்கேதான் வந்து மாட்டுகிறது, சேலை முள்ளில் மாட்டுகிற மாதிரி. மூன்றாவது இட்லி வைக்கப்போனால் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையாலும் தட்டை மூடுகிற மனுஷன். தீபாவளிக்குச் சட்டை எடுத்தால் எனக்கு எதுக்கு, பிள்ளைக்கு எடு என்கிற மனுஷன். டெல்பின் பெட் ஓரத்தில் உட்கார்ந்து, “அப்பா, என்னுது மேட்ச் ஆயிடுச்சு” என்றபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுதார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெர்னதெத் காத்திருந்தாள். நர்ஸ் வந்து டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிவிட்டுப் போகிறவரை நின்றுகொண்டே காத்திருந்தாள். இட்லிக்குச் சொல்லத் தெரிந்த வார்த்தை. சொல்லவில்லை. கோபமா? கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்கு வாழ வேண்டும் என்று இருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவர் தனக்கென்று கேட்ட ஒரே பொருள் அதுதான், அதையும் வாய் திறந்து கேட்கவில்லை. நான் வேண்டாம் என்றால் அவரைக் கொல்வது நான். சரி என்றால், அந்த ஒன்று இவளாக இருந்தால், அப்போதும் நான்தான். கத்தி யார் கையில் இருந்தால் என்ன.

கல்பூதம் அடுத்த பாறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்த விளையாட்டில் எதிரி அவசரப்படுவதில்லை, நம் முறை முடிகிறவரை பாறையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மரியாதையாக நிற்கிறது. பெர்னதெத் நீலத்துக்குப் போன விரலை எடுத்தாள். சாம்பல் நிறத்தைத் தொட்டாள். பொங்கலைத் திரும்ப அழைக்கவா, நிச்சயமா, என்று கேட்டது. போனுக்குக்கூட ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்கத் தெரிந்திருக்கிறது. ஆம் என்று தொடுவதற்குள், “டெல்பினோட அம்மா யாரு? வாங்கம்மா” என்று கதவு திறந்தது. எழுந்தாள். செக்யூரிட்டி போனைப் பார்த்துக் கை நீட்டினான், அவள் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டான். “அணைச்சாவது வைங்கம்மா” என்று முனகினான். கவிழ்த்து உள்ளங்கையில் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே நீள மேஜை, அந்தப் பக்கம் ஐந்து பேர், ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். மூலையில் முக்காலியில் வீடியோ கேமரா. டெல்பின் இந்தப் பக்கம் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள், பல் வரிசையெல்லாம் தெரிய. நடுவில் இருந்த அம்மாள் கேட்டாள், தன்மையாகத்தான் கேட்டாள். “உங்க பொண்ணு யாரும் வற்புறுத்தாம, அவங்களா விரும்பித்தான் கொடுக்கறதாச் சொல்றாங்க. பெத்தவங்களா உங்களுக்கு இதுல சம்மதமாம்மா?” தயாரித்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. ஐயா, இவள் சின்னப் பெண். டெல்பின் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அம்மாவின் முகத்தில் அவள் எதையோ படித்துவிட்டாள், சின்ன வயசிலிருந்து படிக்கிற முகம். அவள் உதடு மட்டும் அசைந்தது. நம்ம அப்பாம்மா. அவ்வளவுதான். பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட இப்படி இருந்திருக்காது. “சம்மதம்” என்றாள் பெர்னதெத். மூலையிலிருந்து கேமராக்காரர் தலையை நீட்டினார். “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா. பதிவாகல.” அவள் குரல் பதிவாகவில்லையாம். தெருமுனைக் கீரைக்காரியை மாடியிலிருந்து நிறுத்துகிற குரல். அப்படியென்றால் இன்னும் சொல்லவில்லை. இன்னும் எதுவும் நடக்கவில்லை. பாறை இன்னும் மேலேதான் இருக்கிறது. ஒரு மூச்சு இழுக்கிற நேரம் அவளுக்கு மகளும் இருந்தாள், புருஷனும் இருந்தார், யாரையும் யாருக்கும் கொடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள். பிஸ்கட்காரரின் பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்தது. பெர்னதெத் நிமிர்ந்து, சிஸ்டர் மார்செல்லா கற்றுக்கொடுத்தபடி தாடையை உயர்த்தி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக உச்சரித்து, “எனக்குச் சம்மதம்” என்றாள்.

வெளியே வந்ததும் டெல்பின் அவள் தோளைக் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டு ஆட்டினாள். “பயந்தே போயிட்டேம்மா, எங்க கவுத்துடுவியோன்னு. பொங்கல் என்னாச்சு?” பெர்னதெத் உள்ளங்கையைத் திருப்பினாள். பிடித்த பிடியில் எந்தப் பொத்தான் அழுந்தியதோ தெரியவில்லை. பாறை விழுந்துவிட்டிருந்தது. கோட்டில் நிறமே இல்லை. பொங்கல் மல்லாந்து கிடந்தது, நாலு காலும் விரிந்து, முதுகில் இருக்கிற மிளகுப் புள்ளியெல்லாம் மறைந்து, வெள்ளை வயிறு மேலே தெரிய. சின்னதாக ஒரு தொப்புள்கூட வரைந்திருந்தார்கள். “பரவால்லம்மா, மயக்கம்தான்” என்று டெல்பின் போனுக்குக் கை நீட்டினாள். பெர்னதெத் கொடுக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை முகத்துக்கு அருகே கொண்டுபோய், அந்த வயிற்றையே பார்த்தாள். ஏறி இறங்குகிறதா. இன்னும் கிட்டே கொண்டுபோனாள், மூச்சு பட்டு ஸ்கிரீன் மங்கியது, சேலை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். “அசையலையேடி” என்றாள். டெல்பின் அவள் தோள் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “அது அப்படித்தாம்மா வரைஞ்சிருக்காங்க.”